உள்தங்கி மனநலச் சிகிச்சை: பலனையும் திருப்தியையும் எப்படி அளப்பது?

#1 தாம்பரம்_நிர்வாகி

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் 40 படுக்கை உள்ள உள்தங்கி மனநல மையம். ஸ்கிசோஃப்ரினியா, இருதுருவக் கோளாறு, கடும் மனச்சோர்வு, குடிநோய் என்று எல்லாம் கலந்து வருகிறார்கள். மாதத்துக்கு 15 அட்மிஷன் போல. தங்குவது 3 வாரத்திலிருந்து 3 மாதம் வரை.

இப்போதைக்கு டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் இடத்தில் ஒரு படிவம் கொடுக்கிறோம். சாப்பாடு, சுத்தம், மருத்துவர், ஊழியர், மொத்தத்தில் எப்படி என்று 5 கேள்வி. அநேகமாக எல்லாரும் "மிக நன்று" என்றே டிக் செய்கிறார்கள். இதை ஆண்டறிக்கையில் "95% வெற்றி" என்று போட அறங்காவலர்கள் கேட்கிறார்கள். போடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். சரி, வேறு எதைப் போடுவது என்று கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. எந்த அளவுகோல், யார் எடுப்பது, எந்தெந்த நாளில்? சமூகப் பணியாளர் 2 பேர், உளவியலாளர் ஒருவர், செவிலியர் 9 பேர் இருக்கிறார்கள்.

#2 கேஸ்ஷீட்

முதலில் அந்தப் படிவத்தை பில் கவுன்டரிலிருந்து எடுத்துவிடுங்கள் சார். அங்கே அதை நிரப்புவது பணம் கட்டுகிற அப்பாவோ அண்ணனோதான். சிகிச்சை எடுத்தவர் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யாரும் குறை எழுத மாட்டார்கள். நாளைக்கே மறுபடி இதே இடத்துக்கு வர வேண்டியிருக்குமோ என்ற பயமும் இருக்கும்.

மூன்று கணக்கை மூன்று நோட்டில் வையுங்கள். ஒன்று, நோயின் கடுமையும் அன்றாடம் நடமாடும் திறனும்: பலன் என்று சொல்ல வேண்டியது இதுதான். இரண்டு, சிகிச்சை எடுத்தவரின் அனுபவம். மூன்று, உரிமையும் பாதுகாப்பும்: கட்டிவைத்தது, தனியறையில் பூட்டியது, கீழே விழுந்தது, தப்பிப் போனது, தற்கொலை முயற்சி, புகார். மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கினால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும். சாப்பாடு பிரமாதம், அறை சுத்தம், ஆனால் மாத்திரைக்கு என்ன பக்க விளைவு என்று ஒருவரும் சொல்லவில்லை என்றால் சராசரி அழகாகத்தான் வரும்.

உள்தங்கி இடத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. காலை 6 மணிக்கு மணி அடித்தால் எல்லாரும் குளிக்கிறார்கள். 8 மணிக்குச் சிஸ்டர் கையில் மாத்திரை கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். 10 மணிக்குத் தொழிற்பயிற்சிக் கூடம். டிஸ்சார்ஜ் அன்று "சுய பராமரிப்பு நன்று, மருந்து ஒழுங்காக எடுக்கிறார்" என்று எழுதினால், அந்த மதிப்பெண்ணில் பாதி உங்கள் மணியுடையது. வீட்டில் மணி இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. டிஸ்சார்ஜ் மதிப்பெண்ணைத் தனியாக வெளியிடவே கூடாது என்பேன். பக்கத்திலேயே 90 நாள் மதிப்பெண்ணும் வர வேண்டும்.

#3 மருந்துச்சீட்டு

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அளவுகோல் பற்றிச் சொல்கிறேன்.

எல்லா நோய்க்கும் பொதுவாக இரண்டு போதும். ஒன்று சி.ஜி.ஐ., அதாவது ஒட்டுமொத்த மருத்துவக் கணிப்பு. மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்து நோயின் கடுமைக்கு 1 முதல் 7 வரை ஓர் எண் போடுவார், ஒரு நிமிட வேலை. இன்னொன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0, அன்றாடச் செயல்திறனை அளப்பது, 12 கேள்வி வடிவம். நேர்காணலாகக் கேட்டால் 5 முதல் 10 நிமிடம். அதற்குக் கட்டணமும் கிடையாது.

நோய்வாரியாக ஒன்றே ஒன்று சேருங்கள். மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9: 9 கேள்வி, ஒவ்வொன்றும் 0 முதல் 3, மொத்தம் 27. இதுவும் இலவசம். 5 புள்ளி மாறினால் பொருள் உள்ள மாற்றம் என்று வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். குரல் கேட்பது, சந்தேக எண்ணம் போன்ற சைக்கோசிஸுக்கு பி.பி.ஆர்.எஸ்., நேர்காணலில் பார்த்து எண் போடும் அறிகுறிப் பட்டியல், 18 உருப்படி. அதே வகையில் பான்ஸ் என்ற பட்டியல் இன்னும் நுணுக்கமானதுதான், ஆனால் 30 உருப்படி, பயிற்சி பெற்றவர் எடுத்தாலும் அரை மணிக்கு மேல் ஆகும், உரிமமும் வாங்க வேண்டும். ஆராய்ச்சி செய்யாத மையம் பி.பி.ஆர்.எஸ்ஸோடு நிற்கலாம்.

பான்ஸ் எடுப்பவர்கள் அடிக்கடி தவறும் கணக்கு ஒன்று: ஒவ்வொரு உருப்படியும் 1இலிருந்து தொடங்குவதால் அறிகுறியே இல்லாதவருக்கும் 30 வரும். 90இலிருந்து 60 ஆனால் 33% குறைந்தது என்று எழுதுகிறார்கள். 30ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால் 60க்கு 30, அதாவது 50%. பி.பி.ஆர்.எஸ்ஸை 1 முதல் 7 என்று போட்டால் அதிலும் 18ஐக் கழிக்க வேண்டும்.

அடுத்தது கேள்வியின் கால எல்லை. பி.எச்.க்யூ-9 கடந்த 2 வாரத்தைக் கேட்கிறது, ஹூடாஸ் கடந்த 30 நாளை. சேர்ந்த 10ஆம் நாள் மறுபடி பி.எச்.க்யூ-9 கேட்டால் வீட்டில் இருந்த நாட்களும் அதில் கலந்துவிடும். 21 நாள் தங்கியவரிடம் டிஸ்சார்ஜ் அன்று ஹூடாஸ் கேட்பதும் அப்படியே. அதில் ஒரு கிலோமீட்டர் நடப்பது, அறிமுகம் இல்லாதவர்களோடு பழகுவது என்றெல்லாம் வரும். பூட்டிய வார்டில் இருப்பவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? ஆகவே ஹூடாஸ் சேரும்போது ஒருமுறை, வீட்டுக்குப் போய் 30 நாள் நிறைந்த பிறகு ஒருமுறை, பின் 90, 180. டிஸ்சார்ஜ் அன்று வேண்டாம்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. பி.எச்.க்யூ-9இன் 9ஆவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எந்த எண் விழுந்தாலும் அன்றே, அந்த ஷிஃப்டிலேயே ஒருவர் உட்கார்ந்து பேசியாக வேண்டும். படிவத்தை வாங்கித் தட்டில் போட்டு மாதக் கடைசியில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

#4 ஒரு தம்பியின் அக்கா

டாக்டர் சொல்றது புரியுது. ஆனா வீட்டுல இருக்கறவங்க பார்க்கறது வேற. ராத்திரி தூங்குறானா, சொல்லாமலே குளிக்கிறானா, மாத்திரையைத் துப்பாம முழுங்குறானா, அம்மாகிட்ட கத்தாம இருக்கானா, தெருமுனைக் கடைக்குப் போய் பால் வாங்கிட்டு மீதிச் சில்லறையோட வர்றானா. இதுக்கெல்லாம் எந்த ஸ்கேல்ல இடம்? அப்புறம், ஒரு மையத்துல சேர்க்கப் போகும்போது "எங்க சக்சஸ் ரேட் 90%"னு சொன்னா குடும்பம் என்ன திருப்பிக் கேட்கணும்?

#5 எண்ணும் எழுத்தும்

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: "எத்தனை பேரில்?" என்று கேளுங்கள். அந்த ஒன்றிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. 60 பேர் சேர்ந்தார்கள். 12 பேர் மருத்துவர் சொன்னதற்கு முன்பே போய்விட்டார்கள். 48 பேர் முழுதாக முடித்தார்கள். 90ஆம் நாள் போனில் கிடைத்தவர்கள் 36 பேர். அதில் 30 பேர் மறுபடி அட்மிட் ஆகவில்லை. மையம் 36க்கு 30 என்று கணக்குப் போட்டு 83% என்று பலகை வைக்கும். சேர்ந்தது 60 பேர் அல்லவா? 60க்கு 30 என்றால் 50%. மீதி 24 பேரைப் பற்றி யாருக்கும் தெரியாது. அத்தனை பேரும் நன்றாக இருந்தால் 60க்கு 54, அதாவது 90%. ஒருவர்கூட நன்றாக இல்லையென்றால் 50%. ஆக, அந்த மையம் நேர்மையாகச் சொல்லக்கூடியது "50%க்கும் 90%க்கும் நடுவில் எங்கோ" என்பது மட்டுமே. பின்தொடர்தல் கூடக்கூட இந்த இடைவெளி சுருங்கும். சுருக்க வேறு குறுக்கு வழி கிடையாது.

போனில் கிடைக்காதவர்கள் சும்மா தற்செயலாகக் கிடைக்காமல் போவதில்லை. நன்றாக இருப்பவர் போனை எடுப்பார். மறுபடி குடிக்கத் தொடங்கியவர், மருந்தை நிறுத்தியவர், வீட்டைவிட்டுப் போனவர், மையத்தின் மேல் கோபமாக இருப்பவர், இவர்கள்தான் எடுக்க மாட்டார்கள். அவர்களைக் கணக்கிலிருந்து தள்ளினால் எண் தானாக ஏறும். பாதியில் போன 12 பேரையும் கட்டாயம் அழைக்க வேண்டும். ஏன் போனார்கள் என்பது முடித்துப் போன 48 பேரின் பாராட்டைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

சென்னையில் ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது என்று யாராவது சொன்னால், இதே ஊரில் 1980களின் தொடக்கத்தில் செல்போன் இல்லாத காலத்தில் 90 பேரை வைத்துத் தொடங்கிய மெட்ராஸ் நெடுங்கால ஆய்வை நினைவூட்டுங்கள். டாக்டர் தாராவும் சென்னை மனநல ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃபின் குழுவினரும் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களை 25 ஆண்டு பின்தொடர்ந்தார்கள்.

#6 சக பயணி

திருப்தி பற்றி நான் எழுதுகிறேன். சிகிச்சை எடுத்தவர்களின் பக்கத்திலிருந்து.

"ஊழியர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்?" என்று வார்டு ஊழியரே கேட்டால் "நல்லா இருந்தாங்க" என்றுதான் பதில் வரும். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. வெளியே விடுவதா வேண்டாமா என்பதில் அவர் சொல்லும் எடுபடும். கேட்பவர் வார்டைச் சேராதவராக இருக்க வேண்டும், கேட்கும் இடம் நர்ஸ் மேசையிலிருந்து காது கேட்காத தூரத்தில் இருக்க வேண்டும். சென்னையில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற கல்லூரிகளின் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் களப்பணிக்கு வருகிறார்கள். ரகசியம் காக்கப் பயிற்சி கொடுத்து, கல்லூரியோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அவர்களைக் கேட்க வைக்கலாம். முன்பு சிகிச்சை எடுத்துத் தேறிய ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தினால் இன்னும் நல்லது.

கேள்விகள் "எப்படி இருந்தது" என்று இருக்கக் கூடாது. நடந்ததா, இல்லையா என்று கேளுங்கள்:

"நீங்க சாப்பிடற மாத்திரை பேர் என்ன, எதுக்குன்னு யாராவது சொன்னாங்களா?"
"கடைசி ஒரு வாரத்துல வீட்டுக்கு போன் பேசணும்னு கேட்டு, முடியாதுன்னு சொன்னாங்களா?"
"குளிக்கற இடத்துல, கழிவறையில மறைவு இருந்துதா?"
"யாராவது கை ஓங்கினாங்களா, திட்டினாங்களா, ஊசி போட்டுடுவேன்னு மிரட்டினாங்களா?"
"பெருக்கற வேலை, சமையல் வேலை செய்யச் சொன்னாங்களா? மாட்டேன்னு சொல்ல முடிஞ்சுதா? காசு கொடுத்தாங்களா?"
"ராத்திரி பயந்து கூப்பிட்டப்போ யாராவது வந்தாங்களா?"

இவற்றில் பெரும்பாலானவை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படியே உரிமைகள். பிரிவு 20 கட்டாய மொட்டை கூடாது, வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்த வேலைக்கு ஊதியம் வேண்டும் என்கிறது. தொடர்புகொள்ளும் உரிமை பிரிவு 26இல் இருக்கிறது. "திருப்தி" என்ற தலைப்பில் மட்டும் போட்டால் இதெல்லாம் உபசாரம் மாதிரி ஆகிவிடும். 60 பேரில் ஒரே ஒருவர் "கை ஓங்கினார்கள்" என்றாலும் அது 98% திருப்தி ஆகாது. அது ஒரு புகார், விசாரிக்க வேண்டும்.

சொந்த விருப்பத்தில் வந்தவர் (பிரிவு 86), ஆதரவுச் சேர்க்கையில், அதாவது தானே முடிவெடுக்க முடியாத நிலையில் தன் பிரதிநிதி கேட்டுச் சேர்க்கப்பட்டு வந்தவர் (பிரிவு 89, அதிகபட்சம் 30 நாள்), இவர்களின் பதில்களைத் தனித்தனியாகப் பாருங்கள். தன் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டவர் திருப்தி இல்லை என்று சொன்னால் "நோயினால் சொல்கிறார்" என்று ஒதுக்குவது ரொம்பச் சுலபம். அவரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: "என்ன நடக்கப் போகுதுன்னு உங்ககிட்ட முன்னாடியே சொன்னாங்களா, நீங்க சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாங்களா?"

குடும்பத்தின் திருப்தியை வேறு தாளில் வாங்குங்கள், இதோடு சேர்த்துச் சராசரி போடாதீர்கள். அண்ணனுக்கு வீட்டில் ஒரு மாதம் நிம்மதி, தம்பிக்கு அந்த ஒரு மாதம் நரகம் என்று இருக்கலாம். கூட்டி 2ஆல் வகுத்தால் "பரவாயில்லை" என்று வரும். உண்மையில் அந்த வீட்டில் யாருக்குமே "பரவாயில்லை" இல்லை.

#7 முகப்பேர் செவிலியர்

சக பயணி சொன்னது சரி. வார்டு சிஸ்டர்கள் இந்தக் கணக்கெடுப்பை எதிர்க்க மாட்டார்கள், அதை ஒரு ஆள் மேல் பழி போடப் பயன்படுத்தாத வரைக்கும். ஒவ்வொரு பதிலோடும் ஷிஃப்ட்டையும், அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் டூட்டி என்பதையும் சேருங்கள். ராத்திரி 40 பேருக்கு ஒரு சிஸ்டரும் ஒரு அட்டெண்டரும் என்றால், "கூப்பிட்டும் யாரும் வரவில்லை" என்பது அந்த சிஸ்டரின் குணத்தைப் பற்றிய தகவல் இல்லை. டூட்டி ரோஸ்டர் போடுகிறவருக்கான தகவல்.

கட்டிவைப்புப் பதிவேட்டுக்கு இந்த நிரல்கள் வேண்டும்: தேதி, தொடங்கிய நேரம், அவிழ்த்த நேரம், என்ன ஆபத்துக்காக, அதற்கு முன் வேறு என்ன செய்து பார்த்தார்கள், எந்த மருத்துவர் அனுமதி, கட்டியிருந்தபோது யார் எத்தனை முறை வந்து பார்த்தார்கள், நியமிதப் பிரதிநிதிக்கு (சட்டப்படி சிகிச்சை எடுப்பவர் சார்பில் பேசுபவர்) எத்தனை மணிக்குச் சொன்னது. பிரிவு 97இன்படி 24 மணி நேரத்துக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும், மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் அறிக்கை போக வேண்டும். "அவிழ்த்த நேரம்" காலியாக இருக்கும் வரிகளைத்தான் முதலில் எண்ணிப் பாருங்கள். அது எத்தனை என்பதே வார்டின் நிலையைச் சொல்லிவிடும்.

"இந்த மாதம் 6 முறை" என்று எழுதாமல் படுக்கை-நாளுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். 36 பேர் 30 நாள் இருந்தால் 1,080 படுக்கை-நாள். 6ஐ அதால் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் 5.6. கூட்டம் கூடிய மாதத்தையும் குறைந்த மாதத்தையும் அப்போதுதான் ஒப்பிடலாம். மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதும் கூடவே வர வேண்டும். முறை குறைந்து மணி நேரம் ஏறினால் அது முன்னேற்றம் ஆகாது. சங்கிலியோ கயிறோ என்றால் எண்ணிக் கணக்கு வைக்கிற பேச்சே இல்லை, அதைச் செய்யவே கூடாது, எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதைப் பிரிவு 95 முழுதாகத் தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து போனதை மறந்துவிட்டு யாரும் இந்தப் பதிவேட்டைத் திறக்கக் கூடாது.

#8 தாம்பரம்_நிர்வாகி

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். குரல் கேட்கிற நிலையில், சந்தேக எண்ணங்கள் இருக்கிற நிலையில் ஒருவர் சொல்லும் பதிலை எவ்வளவு நம்பலாம் என்று எங்கள் மருத்துவர் கேட்கிறார். அடுத்து, 2 சமூகப் பணியாளர்களை வைத்து மாதம் 15 பேரை 3 முறை அழைப்பது நடக்கிற காரியமா?

#9 மருந்துச்சீட்டு

முதலாவதற்கு: தீவிர நிலையில் முதல் வாரம் கேட்க வேண்டாம். அது தணிந்த பிறகு, உள்ளேயே ஒருமுறை, வீட்டுக்குப் போய் 2 வாரம் கழித்து ஒருமுறை கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நோயின் மேல் பழி போட இடமில்லை. நடந்ததா இல்லையா என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலோர் தெளிவாகவே பதில் சொல்வார்கள். "சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால்கூட, ராகி மாவில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கிற பழக்கம் அந்தச் சமையல் அறையில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அளவெடுப்பவர் பற்றி: சிகிச்சை கொடுக்கும் மருத்துவரே பி.பி.ஆர்.எஸ். போட்டால் தன் வேலைக்குத் தானே மார்க் போடுவதாகிவிடும். உளவியலாளர் போடட்டும். தொடங்கும் முன் இரண்டு பேர் ஒரே நேர்காணலில் உட்கார்ந்து, பேசிக்கொள்ளாமல் தனித்தனியே மதிப்பெண் போட்டு, 10 நோயாளிக்காவது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஆளுக்கு ஒருவர் 5, மற்றவர் 2 போடும் உருப்படிகளை எடுத்துப் பேசி, எதற்கு எத்தனை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யாவிட்டால் மறுபடி விலகிப் போகும்.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள். எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை. எடையை ஏற்றக்கூடிய ஓலன்சபின், க்ளோசபின் போன்ற மனநோய் மருந்துகளை எடுப்பவர்களுக்கு இதுவும் பலன் கணக்கில்தான் வரும். குரல் நின்று, மூன்று மாதத்தில் 9 கிலோ ஏறினால் அவர் மாத்திரையை நிறுத்திவிடுவார், அதை எந்த மனநல ஸ்கேலும் முன்கூட்டிச் சொல்லாது.

#10 கேஸ்ஷீட்

இரண்டாவதற்கு: மாதம் 15 பேர், 30, 90, 180ஆம் நாள் என்றால் 45 அழைப்பு. ஒருவரைப் பிடிக்கச் சராசரி 3 முயற்சி, முயற்சிக்கு 5 நிமிடம், பேச 12 நிமிடம். ஆளுக்கு 27 நிமிடம், மொத்தம் 20 மணி நேரம். ஒரு சமூகப் பணியாளரின் மாதத்தில் இரண்டரை நாள். முடியும், ஆனால் அதை அவருடைய வேலைப் பட்டியலில் எழுத வேண்டும். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டால் ஒருபோதும் கிடைக்காது.

இந்தக் கணக்கில் சேராத இன்னொரு அழைப்பு உண்டு: டிஸ்சார்ஜ் ஆன 7 நாளுக்குள். இதில் ஸ்கேல் எதுவும் வேண்டாம். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த முதல் வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். தூக்கம், மாத்திரை கையில் இருக்கிறதா, அடுத்த ஓ.பி. தேதி, இருக்கப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா, இந்த நான்கு போதும். ராத்திரியில் தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 என்று எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

அழைப்பில் எங்கெங்கே கெடுகிறது:

சேரும்போது ஒரே நம்பர் வாங்குவது. மூன்று வாங்குங்கள்: அவருடையது, கூட இருப்பவருடையது, வேறு வீட்டில் இருக்கும் ஒருவருடையது. டிஸ்சார்ஜ் அன்று மூன்றையும் அங்கேயே அடித்துப் பாருங்கள். ப்ரீபெய்டு சிம் மாறுவது நம் ஊரில் சகஜம்.

காலை 11 மணிக்கு அழைப்பது. வேலைக்குப் போகத் தொடங்கியவர், அதாவது நன்றாக இருப்பவர், அப்போது எடுக்க மாட்டார். மாலை 7லிருந்து 8.30 வரை அழையுங்கள். எந்த நேரம் வசதி என்று அவரிடமே முன்பு கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எடுத்தவரிடம் "மனநல மையத்திலிருந்து பேசுறோம்" என்று சொல்லிவிடுவது. புது மருமகள் எடுத்திருக்கலாம், வேலை செய்யும் கடை முதலாளி எடுத்திருக்கலாம். பிரிவு 23 ரகசியம் காக்கச் சொல்கிறது. அழைப்பவர் தன் பெயரை மட்டும் சொல்லி, அவரிடம்தான் பேச வேண்டும் என்று கேட்கட்டும். வாட்ஸ்அப் செய்தியில் மையத்தின் பெயரும் முகப்புப் படமும் தெரியும் என்பதையும் பாருங்கள். எப்படி அழைக்கலாம், யாரிடம் பேசலாம் என்ற சம்மதத்தைச் சேரும்போது அல்ல, தெளிந்த பிறகு அவரிடமே கையெழுத்தில் வாங்குங்கள்.

தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரம் வீட்டார் கேட்டு அழைத்துப் போகும் டிஸ்சார்ஜ்களைத் தனியாகக் குறியுங்கள். சிகிச்சை முடிந்து போனவர்களோடு அவர்களைச் சேர்த்தால் மறு அட்மிஷன் எண் குழம்பிவிடும்.

அக்கா கேட்ட முதல் கேள்வியையும் விட்டுவிட வேண்டாம். பால் வாங்கி மீதிச் சில்லறையோடு வருவதை இலக்கு எய்தல் அளவுகோலில் போடலாம். சேர்ந்து 2 வாரத்துக்குள் அவரும் குடும்பமும் பணியாளரும் உட்கார்ந்து 3 இலக்கு எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் -2 முதல் +2 வரை ஐந்து படி. -2: வீட்டைவிட்டு இறங்குவதே இல்லை. -1: கூட ஆள் வந்தால் கடைக்குப் போகிறார். 0: வாரத்தில் 3 நாள் தனியாகப் போய்ப் பால் வாங்கிவருகிறார். +1: தினமும் போகிறார், சில்லறைக் கணக்கு சரி. +2: மளிகைப் பட்டியலோடு போய் முழுதாக வாங்கி வருகிறார். 90ஆம் நாள் எந்தப் படி என்று பாருங்கள். படிகளை முன்பே எழுதிப் பூட்ட வேண்டும், பிறகு வசதிக்குத் திருத்தக் கூடாது. இலக்கை அவர் வாயால் சொல்லட்டும். குடும்பம் சொல்வது "கத்தாமல் இருக்கணும்", அவர் சொல்வது "மெக்கானிக் ஷெட்டுக்கு மறுபடி போகணும்" என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

#11 ஒரு தம்பியின் அக்கா

இது பிரயோஜனமா இருக்கு, ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. ஊனச் சான்றிதழுக்கு ஐடியாஸ்னு ஒண்ணு போடறாங்களே, அதையே மையமும் பலன் பார்க்க வெச்சுக்கலாமா? மார்க் குறைஞ்சா சான்றிதழ் போயிடுமோன்னு வீடுகள்ல பயம் இருக்கு.

#12 கேஸ்ஷீட்

அந்தப் பயம் நியாயமானதுதான் அக்கா. ஐடியாஸில் சுய பராமரிப்பு, பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று 4 பகுதி, ஒவ்வொன்றும் 0 முதல் 4. நோய் எத்தனை காலம் என்பதற்கு இன்னும் 4 வரை சேர்த்து மொத்தம் 20. 7 தொட்டால் 40%, சலுகைகளின் வாசல் அங்கேதான் இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட எண்ணை முன்னேற்றம் பார்க்கவும் பயன்படுத்தினால் யாரும் உண்மை நிலையைச் சொல்லத் துணிய மாட்டார்கள். மேலும் நோயின் கால அளவுக்கான புள்ளி ஆள் தேறினாலும் சட்டென்று இறங்காது. பலன் பார்க்க ஹூடாஸ் எடுங்கள், அந்தத் தாள் சான்றிதழ் கோப்புக்குப் போகாது என்று குடும்பத்திடம் சொல்லுங்கள், அதன்படியே நடந்துகொள்ளுங்கள்.

குடும்பத்தின் சுமையைப் பார்க்க வேறெங்கும் தேட வேண்டாம். அண்ணா நகர் ஸ்கார்ஃப் நம் குடும்பங்களை வைத்தே உருவாக்கிய சுமை மதிப்பீட்டு அட்டவணை இருக்கிறது.

#13 கொட்டிவாக்கம்_கவுன்சிலர்

குடிநோய்ப் பிரிவுக்கு வேறு கணக்கு. உள்ளே குடிக்காமல் இருந்தது பலன் ஆகாது, உள்ளே பாட்டில் இல்லை, அவ்வளவுதான். 90ஆம் நாள் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "சம்பள நாள் அன்னிக்கு? ஊர்த் திருவிழா அன்னிக்கு?" என்று கடந்த 30 நாளை ஒவ்வொன்றாகக் கேட்டு, குடித்த நாள் எத்தனை, அன்று எவ்வளவு என்று எழுத வேண்டும். மனைவியிடமோ அம்மாவிடமோ தனியாக அதே கேள்வி. இரண்டும் வேறுபட்டால் இரண்டையும் பதியுங்கள். குடித்தாரா இல்லையா என்று ஆம்-இல்லை மட்டும் வைத்தால், 30 நாளும் குடித்தவர் 2 நாளாகக் குறைந்தது தோல்வி என்று பதிவாகும். வேலைக்குப் போன நாள், வீட்டில் கொடுத்த பணம், அடிதடி, இவையும் வேண்டும். மது, போதை மறுவாழ்வு மையங்களுக்கும் 2017 சட்டப்படி பதிவு கட்டாயம் என்பதைச் சேர்க்க வரும் குடும்பங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

#14 எண்ணும் எழுத்தும்

வெளியிடும்போது மூன்று எச்சரிக்கை.

எண்ணிக்கை சிறிது. 20 பேரில் 18 பேர் நன்றாக இருந்தால் 90% என்று தனியாகப் போடாதீர்கள். 95% நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, சுமார் 70இலிருந்து 97 வரை போகும். போன காலாண்டு 85%, இந்தக் காலாண்டு 90% என்று இனிப்பு வழங்கும் முன் இதைப் பாருங்கள்.

தனி ஆளின் மாற்றம் அளவுகோலின் தடுமாற்றத்தைத் தாண்டியதா என்று பார்க்க ஒரு வாய்பாடு இருக்கிறது. மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 6, அளவுகோலின் நம்பகத்தன்மை 0.84 என்று வையுங்கள். 1இலிருந்து 0.84 கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, 6ஆல் பெருக்கினால் 2.4. இரண்டு முறை அளப்பதால் 2இன் வர்க்கமூலத்தால் பெருக்க 3.4. அதை 1.96ஆல் பெருக்கினால் 6.7. ஆக 7 புள்ளிக்குக் கீழே மாறியவரை "மாற்றமில்லை" நிரலில் போடுங்கள். மோசமானவர்களுக்கும் ஒரு நிரல் வேண்டும். பல அறிக்கைகளில் அந்த நிரலே இருப்பதில்லை.

மூன்றாவது, ஆட்கள் நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் சேர்க்கப்படுகிறார்கள். உச்சத்திலிருந்து ஓரளவு இறங்குவது எங்கே இருந்தாலும் நடக்கும். இறங்கிய அத்தனையும் எங்கள் சிகிச்சையால் என்று எழுத முடியாது. உங்கள் மையத்தையே காலாண்டுக்குக் காலாண்டு, ஒரே நோய்ப் பிரிவுக்குள், ஒரே சேர்க்கைப் பிரிவுக்குள் ஒப்பிடுங்கள். பக்கத்து மையத்தோடு வேண்டாம். அவர்கள் கடுமையானவர்களைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பினால் எண் தானாக உயரும்.

#15 சக பயணி

வருடக்கணக்காகத் தங்கியிருப்பவர்கள் விட்டுப்போகிறார்கள். அவர்களுக்கு 90ஆம் நாள் என்று ஒன்று வராது. கடைசியாக வெளிவாசல் தாண்டிய தேதி, கடைசியாக உறவினர் வந்த தேதி, தன் பெயரில் வங்கிக் கணக்கும் ஆதாரும் இருக்கிறதா, வெளியே போய் வாழத் திட்டம் எழுதப்பட்டிருக்கிறதா, இந்த நான்கையும் காலாண்டுக்கு ஒருமுறை எழுதுங்கள். முகப்பேர் பான்யன் போன்ற அமைப்புகள் நான்கைந்து பேரைச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் சேர்ந்து வாழ வைக்கின்றன. ஆகவே "போக இடமில்லை" என்பது அப்படியே ஏற்கக்கூடிய பதில் இல்லை. பிரிவு 19ம் சமூகத்தில் வாழும் உரிமையைத்தான் சொல்கிறது.

#16 தாம்பரம்_நிர்வாகி

அறங்காவலர் கூட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். சேர்ந்தோர், பாதியில் போனோர், முடித்தோர், 90ஆம் நாள் கிடைத்தோர், தேறியோர், மாற்றமில்லாதோர், மோசமானோர், இறந்தோர், தெரியாதோர். அடுத்து 1,000 படுக்கை-நாளுக்குக் கட்டிவைப்பு, மொத்த மணி நேரம். அடுத்து சக பயணியின் 6 கேள்வி, வெளியாள் கேட்டது. வெற்றி சதவீதம் என்ற வரியை எடுத்துவிட்டேன். முதல் காலாண்டில் 180 நாளை விட்டுவிட்டு 7, 30, 90 மட்டும் தொடங்கலாமா?

#17 கேஸ்ஷீட்

தாராளமாக. ஆனால் 180க்கான சம்மதத்தை இப்போதே வாங்கிவிடுங்கள், பிறகு தேடிப் போய் வாங்க முடியாது. "தெரியாதோர்" நிரலைப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் போடாமல் "தேறியோர்" நிரலை ஒட்டிப் போடுங்கள். பெயர் உள்ள தாளும் மதிப்பெண் தாளும் ஒரே கோப்பில் வேண்டாம், இணைக்கும் எண் பட்டியல் ஒருவரிடம் மட்டும் பூட்டில் இருக்கட்டும். முதல் மாதம் 7ஆம் நாள் அழைப்பை மட்டும் தவறாமல் செய்து பழகிவிட்டு, 30ஐ அடுத்த மாதம் சேருங்கள்.